மகளுக்குத் துவக்கு லைசன்ஸ் கிடைத்தபோது

லைசன்ஸ் வந்துவிட்டது என்று மகள் அவுஸ்திரேலியாவிலிருந்து போன் எடுத்துச் சொன்னபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டிலிருந்து, நான் சமையல் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலை பஸ். ஒரு கையில் கம்பி, மறு கையில் போன். பின்னால் பெடியள் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளும் அவளுடைய குரலில் ஒரு துள்ளல் தெரிந்தது. எனக்கும் சந்தோசமாகிவிட்டது. என்ன லைசன்ஸ் என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் மிருக வைத்தியர். அந்த நாட்டில் வேலை செய்வதற்கு ஏதேதோ பதிவுகள் இருக்கின்றன என்று முன்பு சொல்லியிருந்தாள். அதில் ஒன்று சரிவந்திருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் அவளுடைய பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் தட்டை வாங்கும்போது என்ன விசேஷம் என்று கேட்டார். மகளுக்கு லைசன்ஸ் கிடைத்திருக்கிறது என்றேன். கார் ஓடவோ என்றார். இல்லை, தொழிலுக்கு என்றேன். பக்கத்தில் என் சிநேகிதி நின்றாள். லண்டனுக்கு வந்த காலத்திலிருந்தே நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாய்த்தான் அந்தக் கோயிலுக்குப் போகிறோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது என்றாள். எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மகள் வீடியோவில் வருவாள். எங்களுக்குக் காலைச் சாப்பாடு, அவளுக்கு இரவுச் சாப்பாடு. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு நானும் கணவரும் மேசையில் இருப்போம். அன்றைக்கு அவள் ஓரிடத்தில் இருந்து கதைக்கவில்லை. உங்களுக்கு ஒன்று காட்டவேண்டும் என்று சொல்லிப் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். யாரும் படுக்காத அறை ஒன்றுக்குள் போய் உடுப்பு அலுமாரியைத் திறந்தாள். உள்ளே உடுப்பு இல்லை. சாம்பல் நிறத்தில் ஒடுக்கமான இரும்புப் பெட்டி ஒன்று சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது.

நகை வைக்கிற பெட்டி என்று நினைத்தேன். அவளிடம் இருப்பது நான் போட்டு அனுப்பிய சங்கிலியும் ஒரு சோடித் தோடும்தான். அதற்கு ஏன் இவ்வளவு உயரமான பெட்டி என்று ஒரு யோசனையும் ஓடியது.

"நகையை வீட்டிலை வைச்சிருக்காதை பிள்ளை. பாங்கிலை வை" என்றேன்.

அவள் சிரித்தாள். "நகை இல்லை அம்மா. இது துவக்குக்கு."

எனக்கு விளங்கவில்லை. துப்பாக்கிக்கு எங்கள் ஊரில் சொல்கிற துவக்கு என்ற சொல்லை அவள் எங்கே பிடித்தாள் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவளுடைய தமிழில் சாப்பாடு இருக்கும், உறவுமுறை இருக்கும், காய்ச்சல் தடிமன் இருக்கும். இந்தச் சொல்லை நாங்கள் வீட்டில் பாவித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் அதைச் சரியாகவே சொன்னாள்.

கணவர் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார்.

"போல்ட் இழுக்கிறதோ பிள்ளை?"

"ஓம் அப்பா. போல்ட் அக்‌ஷன்தான். சின்னது."

"ரவையை அதோடை சேர்த்து வைக்காதை. வேறையா வை."

"ரவையோ? உப்புமா ரவையோ?"

"சுடுற ரவை" என்றார் அவர், அது குசினியில் தினமும் பேசுகிற பேச்சு என்பது போல.

புல்லட் எல்லாம் வேறு பூட்டுக்குள் இருப்பதாகவும், போலிஸ்காரர் வீட்டுக்கே வந்து சுவரில் முடுக்கிய திருகாணி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போனதாகவும் அவள் சொன்னாள். இருவரும் இன்னும் ஏதேதோ கதைத்தார்கள். நான் போனில் அவள் முகத்தையும் பக்கத்தில் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளிடம் துவக்கு இருக்கிறது. அது ஒன்று. என் கணவருக்குத் துவக்கைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்திருக்கிறது. அது இன்னொன்று. இதில் எதைப் பற்றி முதலில் கலவரப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போனை வைத்த பிறகுதான் அர்ச்சனை நினைவுக்கு வந்தது. துவக்குக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் வெண்ணெய் பூசிய பாணைக் கடித்துக்கொண்டே, அம்மன் கையில் இல்லாத ஆயுதமா என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் மிருக வைத்தியம் படிக்கப் போனபோதே எங்கள் ஆட்களுக்கு அது விளங்கவில்லை. மனிசருக்கு வைத்தியம் படிக்க மார்க்ஸ் போதாமல் போய்விட்டதோ என்று கேட்டவர்களும் உண்டு. படிப்பு முடிந்து இங்கே நாய் பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டு இருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு சிற்றூருக்கு, கொஞ்சக் காலம் என்று சொல்லிப் போனாள். போனவள் நின்றுவிட்டாள். கோதுமையும் செம்மறியும்தான் அங்கே வாழ்க்கை. ஒரு கடைத்தெரு, ஒரு பெற்றோல் நிலையம், அதற்கு அப்பால் ஆளில்லாத ரோட்டு. மாடு கன்று ஈனுவதற்கு உதவப் போவதாகவும் குதிரைக்குப் பல் ராவுவதாகவும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லுவாள். அதையெல்லாம் நான் கோயிலில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஊரில் எல்லோரிடமும் துவக்கு இருக்கிறதாம். ஆட்டுக்குட்டிகளை நரி கொண்டுபோகாமல் இருக்க, வயலைக் காட்டுப்பன்றி கிளறாமல் இருக்க, முயலுக்கு. புல் காய்ந்துபோகிற வருசங்களில் கங்காருக்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஆட்டுக்கு இருக்கிற கொஞ்சத்தையும் மேய்ந்துவிடுமாம். அப்போது அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி அதையும் சுடுவார்களாம். கேக் விற்கிற கடைக்காரப் பெண்ணிடம்கூட ஒன்று இருக்கிறது என்றாள். அவள் இவ்வளவையும் சொல்லும்போது நான் கங்காருவைத் தபால் தலையில் பார்த்ததை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தனக்கு ஏன் அது வேண்டியிருந்தது என்பதை அவள் அடுத்த ஞாயிறுதான் சொன்னாள். ஒருநாள் பொழுதுபடும் நேரம் வேலையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில், லொறி அடித்துவிட்டுப் போன ஒரு கங்காரு ரோட்டோரத்தில் கிடந்ததாம். பின்னங்கால் இரண்டும் போய்விட்டன. அவளிடம் மருந்து இருந்தது, ஊசி இருந்தது. ஆனால் கிட்டப் போக முடியவில்லை. அது பயத்தில் உதைக்கிறது, உருளுகிறது. அதனுடைய ஓர் உதை பட்டால் மனிசருடைய வயிறு கிழிந்துபோகுமாம். பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் போன் எடுத்தாள். அவர் துவக்கோடு வந்து சேர நெடுநேரம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் இவள் காருக்குள் இருந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டும் அது போடுகிற சத்தம் கேட்டதாம். பண்ணைக்காரர் வந்தார், ஒரு வெடி, சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, போலிஸுக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.

அவள் சொன்னதில் ஒரு விசயம் எனக்குப் பல நாட்களாகப் பிடிபடவில்லை. அந்த நாட்டில் துவக்கு கேட்டால் ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டுமாம். மனிசருக்குப் பயமாக இருக்கிறது, என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதினால் கொடுக்கமாட்டார்களாம். மிருகம் நோவில் துடிக்கக் கூடாது என்று எழுதினால் கொடுப்பார்களாம். இதைக் கேட்டுவிட்டு நான் பள்ளிக்கூடக் குசினியில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே யோசிப்பேன். இது நல்ல சட்டம் போலவும் தோன்றும். விசர்ச் சட்டம் போலவும் தோன்றும்.

எனக்குத் தெரிந்த துவக்கு வேறு. அது விடிய முன்னர் எங்கள் வீட்டுக் கதவைச் சோங்கால், தன் பின்கட்டையால், இடிக்கும். அது முற்றத்தில் நின்றுகொண்டு அண்ணையை வெளியே வரச் சொல்லும். அண்ணை சாரத்தை முடிந்துகொண்டு போனவர், சாயங்காலம் திரும்பி வந்தார். வந்தது பெரிய காரியம். ஆனால் அதன் பிறகு அவர் யாரோடும் இருந்து சாப்பிட்டதில்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நான் நாடு நாடாகக் கடந்து வந்தேன். இவற்றை மகளுக்கு நான் சொன்னதில்லை. எந்த வயதில் சொல்வது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வளர்ந்துவிட்டாள்.

கோயிலில் சிநேகிதி லைசன்ஸைப் பற்றிக் கேட்டபோது, வேலைக்குத் தேவையான ஒன்று என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் சொல்லிவிட்டு அம்மனை நேராகப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையாரைப் பார்த்தேன்.

மகளைப் பற்றிய கலக்கம் ஒரு பக்கம் இருக்க, கணவரைப் பார்க்கிற விதமும் மாறிவிட்டது. எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். அவர் ஜெர்மனியில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அதற்கு முன்னர் வன்னியில் இருந்ததாகக் கலியாணம் பேசும்போது சொன்னார்கள். வன்னியில் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வயது ஆட்களிடம் அப்படிச் சில வருசங்கள் இருக்கும். அதைத் தோண்டுவது எங்களுக்குள் வழக்கமில்லை. அவர் நல்ல மனிசர், குரல் உயர்த்தாதவர், பார்சல் கொம்பனியில் வான் ஓடிக் குடும்பம் நடத்தியவர். இப்போது அவர் கதிரையில் இருந்து செய்தி பார்க்கும்போது நான் குசினி வாசலில் நின்று அவருடைய கைகளைப் பார்ப்பேன். இந்தக் கை எப்போது போல்ட் இழுத்தது? யாரை நோக்கி? கேட்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது. ஒருநாள் அவரே திரும்பி, என்னப்பா பார்க்கிறீர் என்று கேட்டார். கறிக்கு உப்புச் சரியோ என்று கேட்டுச் சமாளித்தேன். கறி அப்போது அடுப்பில்கூட ஏறவில்லை.

நவம்பர் மாதம் மகள் லீவில் வந்தாள். ஹீத்ரோவில் அவளைப் பார்த்தவுடன் இது யாருடைய பிள்ளை என்று ஒரு கணம் நினைத்தேன். முகம் வெயிலில் கறுத்து, தோள் அகன்று, நடை பெரிதாகியிருந்தது. வீட்டுக்கு வந்து என்னுடைய புட்டையும் முட்டைப் பொரியலையும் பழையபடி சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனாள். அதில் கொஞ்சம் நிம்மதி வந்தது.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலையுதிர் காலத்தில் ரிச்மண்ட் பக்கத்து மான் பூங்காவுக்குப் போவோம். பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டு போய், மர வாங்கில் இருந்து மான்களைப் பார்த்துவிட்டு வருவோம். அங்கே போகவேண்டும் என்று அவள்தான் கேட்டாள். கணவர் கார் ஓடினார். குளிர் இருந்தாலும் வெயிலும் இருந்தது. காரை விட்டுவிட்டு நடக்கும்போது வாசலடியில் ஓர் அறிவித்தல் கண்ணில் பட்டது. சில வாரங்களுக்குப் பொழுதுபட்ட பின்னர் நடந்து வருகிறவர்களுக்குப் பூங்கா மூடியிருக்கும் என்றிருந்தது. காரணம் எழுதியிருந்த இடத்தில் ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருசம் இந்த நாட்டில் இருந்தும் நான் கேள்விப்படாத சின்னச் சொல். 'cull' என்று இருந்ததைக் காட்டி மகளிடம் கேட்டேன்.

"எண்ணிக்கையைக் குறைக்கிறது அம்மா. மான் கூடிப்போச்செண்டால்."

"எப்பிடிக் குறைக்கிறது? வேறை இடத்துக்குக் கொண்டு போறதோ?"

அவள் என்னைப் பார்த்தாள். "சுடுறது அம்மா. ஒவ்வொரு வருசமும் நடக்கும். நாங்க வந்த வருசமெல்லாம் நடந்ததுதான்."

சுற்றி மதில், உள்ளே ஓநாய் இல்லை, விட்டால் பெருகிப் பெருகிக் குளிர்காலத்தில் தின்ன இல்லாமல் பட்டினியில் சாகும் என்று விளக்கினாள். பொறுமையாகத்தான் சொன்னாள். எனக்குச் சொற்கள் காதில் விழுந்தன, உள்ளே போகவில்லை. சற்றுத் தள்ளி நாலைந்து மான்கள் புல்லுக்குள் படுத்திருந்தன. ஒன்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லுவதைத் தொடர்ந்தது. இவற்றில் எது என்று யார் முடிவு செய்வார்கள் என்று கேட்டேன். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், கிழடு, நோய் பிடித்தது என்று பார்த்துத்தான் என்றாள்.

எனக்குப் பூங்காக்காரர் மேல் கோபம் வரவில்லை. அவள் மேல்தான் வந்தது. அது ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வாங்கில் இருந்துகொண்டு பிளாஸ்க்கைத் திறக்கப் போன நான், திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நாங்கள் துவக்குக்குப் பயந்துதானே பிள்ளை ஓடி வந்தனாங்கள். நீ அதைப் போய்க் கேட்டு வாங்கி வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறாய்."

அவள் சப்பாத்தால் நிலத்தில் கிடந்த இலைகளைத் தள்ளினாள்.

"நீங்க ஓடி வந்த துவக்கை எனக்குத் தெரியாது அம்மா. நீங்க ஒண்டும் சொல்லேல்லை. எனக்குத் தெரிஞ்சது நான் காருக்குள்ளை இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டதுதான். இனி அப்பிடி இருக்க எனக்கு ஏலாது."

அவள் தமிழில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணையைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால், நான் அவளைத் தோற்கடிப்பதற்காகச் சொன்னது போல் ஆகிவிடும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வாங்கின் மற்றத் தொங்கலில் இருந்த கணவர்தான் பேசினார்.

"ஐயாவிட்டை லைசன்ஸ் துவக்கு ஒண்டு இருந்தது" என்றார். "வயலுக்குப் பண்டி வாறதுக்கு."

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் மான்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வன்னியில் அவர்களுடைய வயல் காட்டோடு ஒட்டினது. கதிர் முற்றுகிற காலத்தில் பன்றி இறங்கினால் விடியும்போது ஒன்றும் மிஞ்சாது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில், வயல் செய்கிற கமக்காரருக்கு லைசன்ஸ் கொடுத்தார்கள். தகப்பனாருக்குக் கண்பார்வை குறைந்த பிறகு இவர்தான் காவலுக்குப் போவாராம். முதலில் வானத்தை நோக்கித்தான் சுடுவது, போகாவிட்டால்தான் பன்றிக்கு. யானை வந்தால் வெடிக்குப் பதில் தகரம். துவக்கை எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்காவிட்டால் தகப்பனார் சாப்பிட விடமாட்டாராம். மகள் நிறையக் கேள்விகள் கேட்டாள். எத்தனை குழல், தோட்டா எங்கே வாங்குவது, அடிபட்ட பன்றி ஓடிவிட்டால் என்ன செய்வது. அதைத் தேடிப் போகத்தான் வேண்டும் என்றார் அவர். காயத்தோடு விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நித்திரை வராது என்றார். அவள் தலையாட்டினாள். இருவரும் ஒரே தொழில் செய்கிற ஆட்கள் மாதிரிக் கதைத்தார்கள்.

"அந்தத் துவக்கு இப்ப எங்கை?" என்று நான் கேட்டேன்.

"பிறகு இயக்கப் பெடியள் வீடு வீடா வந்து கேட்டவங்கள். குடுத்தாச்சு."

"அதோடை சரியோ?"

"அதோடை சரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் இதை ஒருநாளும் கேக்கேல்லையே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

நான் பிளாஸ்க்கைத் திறந்து மூவருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வாரக்கணக்காக என்னென்னவோ கற்பனை செய்த எனக்குக் கிடைத்தது ஒரு கமக்காரருடைய பன்றித் துவக்கு. ஆனால் அந்த 'அதோடை சரி' என்ற சொல்லை அவர் கொஞ்சம் விரைவாகச் சொல்லிவிட்டாரோ என்றும் இருந்தது. அப்படி நினைப்பது அநியாயம் என்றும் இருந்தது. பக்கத்தில் அவர் ரோல்ஸைப் பிய்த்து மகளுக்குப் பாதி கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த மனிசரோடுதான் இவ்வளவு காலம் ஒரே கட்டிலில் படுத்தேன். அவருடைய வீட்டில் துவக்கு இருந்ததும் தெரியாது, அவர் யானையைத் தகரம் தட்டிக் கலைத்ததும் தெரியாது. அதில் எது என்னை அதிகம் உறுத்தியது என்று எனக்கே பிடிபடவில்லை.

மகள் திரும்பிப் போனாள். நானும் அவளும் அந்தப் பேச்சை மீண்டும் எடுக்கவில்லை. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது அவள் மட்டும், கோவமோ அம்மா என்று காதுக்குள் கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மைதான். கோபம் இல்லை. இருந்தது என்ன என்று அவள் கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேன்.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு காலை, நான் பள்ளிக்கூடக் குசினியில் கரட் வெட்டிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. ஆனால் ஏப்ரனுக்குள் அது விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் மகள். அவளுக்கு அப்போது பொழுதுபடும் நேரம். அந்த நேரத்தில் அவள் எங்களுக்குப் போன் எடுப்பதில்லை. தலைமைச் சமையற்காரியிடம் கண்ணால் சொல்லிவிட்டுப் பின்கதவால் குப்பைத் தொட்டிகள் நிற்கிற இடத்துக்குப் போனேன்.

வீடியோ இல்லை, குரல் மட்டும்தான். மூச்சு வாங்குவது கேட்டது.

"அம்மா, பிஸியோ?"

"இல்லை, சொல்லு."

ரோட்டில் ஒரு கங்காரு என்றாள். யாரோ போன் எடுத்து வரச் சொன்னார்களாம், போனாளாம். இவ்வளவு நாளில் அவள் தனியாகப் போய்ச் செய்தது அதுதான் முதல் தடவை.

"முதல் வெடி சரியாப் படேல்லை அம்மா. அது ஆடிட்டுது. திருப்பிச் சுடவேண்டி வந்தது. அது என்னைப் பாத்தது."

சொல்லிவிட்டு அழுதாள். நான் சொன்னேன்தானே என்று சொல்ல ஒரு மனம் வந்தது, அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. நீ செய்தது சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. சரியா என்று எனக்குத் தெரியாதே. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஏப்ரனோடும் தலையில் வலையோடும், குளிரில் நின்றுகொண்டு நான் கேட்டது இதுதான்:

"இப்ப அதுக்கு நோகுதோ?"

"இல்லை. முடிஞ்சுது."

"நீ எங்கை நிக்கிறாய்?"

"காருக்கை இருக்கிறன். ரோட்டோரம்."

"கை நடுங்குதோ?"

"ஓம்."

"அப்ப உடனை காரை எடுக்காதை. கொஞ்சம் இரு. நான் கதைக்கிறன்."

அவளோடு கதைத்தேன். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு என்று சொன்னேன். கரட் எல்லாம் சரியான தடிப்பு, கத்தி மொட்டை, புதுக்கத்தி கேட்டால் தருகிறார்களில்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் மதிலில் வண்டியை இடித்ததைச் சொன்னேன். அவள் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பக்கத்தில் ஏதோ பறவைகள் பெருஞ்சத்தமாகக் கத்தின. கொஞ்ச நேரத்தில் மூச்சு அமர்ந்தது. கைநடுக்கம் நின்றுவிட்டது என்றாள்.

"அப்ப வீட்டை போ. போனவுடனை துவக்கைப் பூட்டி வை. ரவையை வேறையா வை" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. கேஸை நிப்பாட்டு, யன்னலைச் சாத்து என்று சொல்கிற அதே குரலில் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. ஓம் அம்மா என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

உள்ளே வந்தபோது தலைமைச் சமையற்காரி எல்லாம் நலமா என்று கேட்டாள். மகளுக்கு வேலையில் ஒரு கஷ்டமான நாள் என்றேன். அவள் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு, என்னுடைய மேசையில் இருந்த கரட்டில் பாதியை எடுத்துக்கொண்டு போய்த் தானே வெட்டினாள். நான் மிச்சத்தை வெட்டினேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்குப் போய் மகளுக்குப் போன் எடுத்தார். அங்கே அப்போது விடிகாலை. யன்னலால் பார்த்தேன். காய்ந்துபோன தக்காளிச் செடிகளுக்கு முன்னால் நின்று அவர் நெடுநேரம் கதைத்தார். ஓரிடத்தில் இடது கையை நீட்டி, தோளைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக் காட்டினார். போனில் அது தெரியாது. அவருக்கு அது நினைவில்லை. நான் யன்னலை விட்டு வந்து அரிசி கழுவினேன். உள்ளே வந்தவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. பிள்ளை சாப்பிடப் போகிறாள் என்று மட்டும் அவர் சொன்னார்.

இப்போது மகள் சனிக்கிழமைகளில் அந்த ஊர்ப் பெண்களோடு குறி பார்த்துச் சுடப் பழகுகிறாள். இனி ஒரு மிருகத்துக்கும் இரண்டாவது வெடி தேவைப்படக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறாள். போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். கடதாசியில் வட்டங்கள், நடு வட்டத்துக்குள் நெருக்கமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். கணவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். நல்லாயிருக்கு என்றார். என் கையில் போனைத் தந்து, நீரும் ஏதாவது எழுதும் என்றார்.

பள்ளிக்கூடக் காலத்தில் அவள் வரைந்த படங்களுக்கு எழுதுவது போல 'வடிவாயிருக்கு' என்று எழுதத் தொடங்கினேன். அது சரியாகப் படவில்லை, அழித்தேன். 'பாத்தனான்' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் 'கவனம் பிள்ளை' என்று எழுதி அனுப்பினேன். அவள் உடனே ஒரு சிவப்பு இருதயம் போட்டாள். எதில் கவனமாக இருக்கச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் அது இன்னும் தெளிவாகத் தெரியவில்லை.